டிக்கி உணவகத்தை அப்படியே வைத்திருப்பதா, காலத்துக்கேற்ப மாற்றுவதா?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கொலம்பஸ் நகரத்தில் குடியேறிய ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊரில் கஹிகி என்று ஒரு பாலினேசிய பாணி உணவகம் இருந்ததாம். இடித்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் உள்ளூர்க்காரர்கள் அதைப் பற்றிப் புலம்புகிறார்கள். மூங்கில், பெரிய பெரிய சிலைகள், செயற்கை மழை, எல்லாமே ஜோடனை. இதைப் போய் எதற்குக் காப்பாற்ற வேண்டும்? கடை நடத்துகிறவர் காலத்துக்கேற்ப மாற்றிக்கொண்டால் என்ன தப்பு?"

இப்படிப் பசிபிக் தீவுகளின் சாயலில் ஜோடித்த உணவகங்களைத்தான் டிக்கி உணவகம் என்கிறார்கள்; டிக்கி என்பது அந்தத் தீவுகளில் செதுக்கும் உருவச் சிலையின் பெயர். கேள்வியின் உள்ளே இருப்பது இதுதான் என்று நினைக்கிறேன்: பிறக்கும்போதே போலியாகப் பிறந்த ஒன்றுக்குப் பழமை மதிப்பு வருமா, வந்தால் அதற்கான செலவை யார் தலையில் கட்டுவது? நான் கட்டடக்கலை படித்தவன். பழைய கட்டடங்களைப் பழுது பார்த்து மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவருவது என் தொழில். அதில் உணவகங்களும் மதுக்கூடங்களும் கணிசம். ஆகவே கூரை, குழாய், சமையலறை, வரிச்சலுகை பற்றி உறுதியாகப் பேச முடியும். பசிபிக் தீவு மக்களின் மனநிலை பற்றிப் பேசும்போது மட்டும் நான் வெளியாள்; அந்தப் பகுதியை வெளியாள் பேச்சாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 'போலி' என்ற குற்றச்சாட்டு. அது முழுக்க உண்மை. 1933 டிசம்பரில் அமெரிக்காவில் மதுவிலக்கு முடிந்தது. அதை ஒட்டி எர்னஸ்ட் கேன்ட் என்பவர் ஹாலிவுட்டில் ஒரு சின்ன பார் திறந்தார். தென்கடலில் சுற்றியபோது சேர்த்த சாமான்களைச் சுவரில் மாட்டி, அப்போது மலிவாகக் கிடைத்த ரம்மைப் பழச்சாறுகளோடு கலந்து விற்றார். 'டான் த பீச்கோம்பர்' என்ற அந்தக் கடை ஓடிய ஓட்டத்தில் தன் பெயரையே டான் பீச் என்று மாற்றிக்கொண்டார். 1934-ல் ஓக்லந்தில் விக்டர் பெர்ஜரான் திறந்த சாதாரண மதுக்கடை, சில வருடங்களில் 'ட்ரேடர் விக்ஸ்' ஆக மாறியது. இந்த இரண்டு பேர் போட்ட பாதையில்தான் மற்ற எல்லோரும் நடந்தார்கள். ரம் கரீபியனிலிருந்து, சாப்பாடு கான்டன் சீனச் சமையல், முகமூடிகள் நியூ கினியிலிருந்து, கல் முகங்கள் ஈஸ்டர் தீவிலிருந்து, ஆட்டம் ஹவாயிலிருந்தும் தஹீதியிலிருந்தும். எந்தத் தீவிலும் யாரும் இந்த மாதிரி ஒரு இடத்தில் உட்கார்ந்து இப்படிச் சாப்பிட்டதில்லை.

சரி, அப்படியானால் மதிப்பு எங்கே? இது பாலினேசியாவின் வரலாறு இல்லை, அமெரிக்காவின் வரலாறு. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் பக்கம் போய்த் திரும்பிய லட்சக்கணக்கான சிப்பாய்கள், 1959-ல் மாநிலமான ஹவாய், அங்கே பறக்க ஆரம்பித்த ஜெட் விமானம், கையில் கொஞ்சம் காசு சேர்ந்த நடுத்தரக் குடும்பம் எல்லாம் சேர்ந்து 1950-களிலும் 60-களிலும் இந்த உணவகங்களை ஊருக்கு ஊர் எழுப்பின. பனி கொட்டும் ஒஹாயோவில் ஒரு கூரைக்குக் கீழே வெப்பமண்டலக் காடு ஏன் தேவைப்பட்டது என்பது நல்ல கேள்வி. அதற்குப் பதில் காகிதத்தில் கிடைப்பதை விட அந்த அறையில் அதிகம் கிடைக்கும்.

இன்னொரு விஷயமும் உண்டு, இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். முன்னால் நின்ற பெயர் டான், விக் என்று வெள்ளைக்காரர்களுடையது. உள்ளே கலவை போட்டவர்களில் பலர் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவர்கள், அடுப்படியில் நின்றவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். டான் பீச் தன் செய்முறைகளை யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்று பாட்டில்களுக்கு எண்ணும் சங்கேதப் பெயரும் வைத்திருந்தார். கலக்குகிற ஆளுக்கே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. அப்படியும் தெரிந்துகொண்டவர்கள் இருந்தார்கள். டானிடம் ஆரம்ப காலத்தில் வேலை பார்த்த ரே புயென் 1961-ல் லாஸ் ஏஞ்சலஸில் 'டிக்கி-டி' என்ற குட்டி பாரைத் திறந்தார். சமையலறை கிடையாது, குடும்பமே நடத்துகிறது, இப்போது மூன்றாம் தலைமுறை. ஆகவே ஒரு பழைய டிக்கி உணவகம் இடிபடும்போது ஆசியக் குடியேறிகளின் உழைப்பு வரலாற்றிலிருந்தும் ஒரு பக்கம் போகிறது. எனக்கு இது மூங்கிலை விடப் பெரிய காரணம்.

இப்போது உங்கள் ஊர்க் கதை. கஹிகி 1961-ல் திறந்தது. பில் சாப், லீ ஹென்றி என்ற இருவர் கட்டினார்கள். வானத்தை நோக்கி வளைந்து ஏறும் படகு மாதிரியான பிரம்மாண்டக் கூரை, வாசலில் தலையில் தீ எரியும் இரண்டு பெரிய கல்முகச் சிலைகள், உள்ளே மீன் தொட்டிச் சுவர்கள், இடி மின்னலோடு மழை பெய்யும் ஜன்னல்கள், ஐந்நூறு பேருக்கு மேல் உட்காரும் இடம். 1988-ல் சீன வம்சாவளியினரான மைக்கேல் சாவ் உரிமையாளர் ஆனார். 1997-ல் தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் ஏறியது. இது சாதாரண விஷயமில்லை. பொதுவாக 50 வருடம் ஆகாத கட்டடத்தை அந்தப் பதிவேட்டில் சேர்க்க மாட்டார்கள். விசேஷ முக்கியத்துவம் இருக்கிறது என்று நிரூபித்தால்தான் விதிவிலக்கு. கஹிகிக்கு அப்போது வயது 36. மூன்றே வருடத்தில், 2000 ஆகஸ்டில், கடை மூடப்பட்டது. அந்த இடத்தில் வால்கிரீன்ஸ் மருந்துக்கடை வந்தது.

பதிவேட்டில் இருந்த கட்டடத்தை எப்படி இடிக்க முடிந்தது என்று பலர் கேட்பார்கள். முடியும். தேசியப் பதிவேடு ஒரு மரியாதை, அதோடு சில வரிச்சலுகைகளுக்கான கதவு. தனியார் தன் சொந்தப் பணத்தில் தன் கட்டடத்தை இடிப்பதை அது தடுக்காது. தடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் நகராட்சியின் உள்ளூர்ச் சட்டத்துக்குத்தான் உண்டு. அதிலும் ஒரு ஓட்டை. பல ஊர்களில் அந்தச் சட்டம் வெளிப்புறத்தை மட்டுமே பார்க்கும். டிக்கி உணவகத்தின் உயிரோ உள்ளே இருக்கிறது. வெளியே வெறும் செங்கல் பெட்டியாக நின்று உள்ளே காடாக இருக்கும் கட்டடங்களை இந்தச் சட்டம் கண்டுகொள்வதே இல்லை.

கஹிகி விழுந்ததற்கு ரசனை மாறியது காரணம் என்று சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இது என் கணிப்புதான், ஆனால் ஆதாரமில்லாத கணிப்பு இல்லை. சாவ் உணவகத்தோடு சேர்த்து உறைநிலை உணவுத் தொழில் ஒன்றையும் வளர்த்திருந்தார். கஹிகி பெயரிலேயே முட்டை ரோல் மாதிரியான பண்டங்கள் சூப்பர்மார்க்கெட்டுகளுக்குப் போயின, உணவகம் போன பிறகும் அந்தத் தொழில் தொடர்ந்தது. ஒரு பக்கம் வளரும் தொழிற்சாலை, இன்னொரு பக்கம் பராமரிப்பை விழுங்கும் நாற்பது வயதுக் கட்டடம், அடியில் நல்ல விலைக்குப் போகும் முக்கியச் சாலை நிலம். எந்தக் கணக்கரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வந்திருக்கும். நகரத்தின் வேறு பகுதியில் புதிதாகக் கட்டும் எண்ணம் இருந்தது. அது நடக்கவில்லை, அவரும் 2005-ல் இறந்துவிட்டார். அலங்காரத்தை நவீனமாக்கியிருந்தால் கஹிகி பிழைத்திருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நில விலைக்கு எதிராக எந்த அலங்காரமும் நிற்காது.

இதையே ட்ரேடர் விக்ஸ் கிளைகளிலும் பார்க்கலாம். அவை பெரும்பாலும் பெரிய ஓட்டல்களுக்குள் குடியிருந்தவை. நியூயார்க் பிளாசா ஓட்டலில் இருந்தது, ஓட்டல் கைமாறியதை அடுத்து 1989-ல் மூடப்பட்டது. பெவர்லி ஹில்ஸ் கிளை 1955-லிருந்து ஓடி, புது ஓட்டல் கட்டுவதற்காக 2007-ல் போனது. லண்டன் பார்க் லேனில் 1963-ல் திறந்தது 2022 கடைசியில் மூடியது. மாட்டியிருந்த முகமூடிகள் சரியில்லை என்பது பெரும்பாலும் முக்கியக் காரணமாக இல்லை. வீட்டுக்காரர் வேறு திட்டம் போட்டார்.

இதற்கு நேர் எதிரான கதை சான் பிரான்சிஸ்கோவின் ஃபேர்மான்ட் ஓட்டலில் இருக்கும் டோங்கா ரூம். 1929-ல் அங்கே ஒரு உள்ளரங்க நீச்சல்குளம் இருந்தது. 1945-ல் எம்.ஜி.எம். ஸ்டுடியோவின் செட் வடிவமைப்பாளரை வைத்து அதைக் குளத்தோடே உணவகமாக்கினார்கள். குளத்தின் நடுவே இசைக்குழு படகில் மிதக்கும், அவ்வப்போது இடியோடு மழை பெய்யும். 2009 வாக்கில் ஓட்டல் கோபுரத்தைக் குடியிருப்புகளாக மாற்றும் திட்டத்தில் இந்த அறையை எடுத்துவிடுவதாக இருந்தது. ஊரே கிளர்ந்தது. 2010-ல் நகரத் திட்டத் துறை அந்த அறையை வரலாற்று வளம் என்று மதிப்பிட்டது. கலிஃபோர்னியாவின் சுற்றுச்சூழல் சட்டத்தில் அப்படி ஒரு முத்திரை விழுந்தால், இடிப்பதற்கு முன் விரிவான ஆய்வும் மாற்று வழிகளும் காட்ட வேண்டும். உள் அறை ஒன்றுக்கு அந்தச் சட்டம் கைகொடுத்தது. திட்டம் கைவிடப்பட்டது, டோங்கா ரூம் இன்றும் இருக்கிறது. ஒஹாயோவில் அப்படிப்பட்ட சட்டம் இருந்திருந்தால் கஹிகி நின்றிருக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். தாமதப்பட்டிருக்கும். சில சமயம் தாமதமே போதும், நல்ல விலைக்கு வேறு ஆள் வந்து சேர.

ஆனால் உங்கள் கேள்வியில் நியாயமான பகுதி இனிமேல்தான் வருகிறது. நிலமும் சட்டமும் சாதகமாக இருக்கிறது, உரிமையாளரும் நடத்த நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது?

என் அனுபவத்தில், வாடிக்கையாளர் கண்ணுக்குப் படாத எல்லாவற்றையும் தயவு தாட்சண்யம் இல்லாமல் மாற்ற வேண்டும். கூரை, வடிகால், மின்கம்பி, புகைபோக்கி, குளிர்பதன அறை, குளிரூட்டி. இந்த உணவகங்களில் எதிரி எப்போதும் தண்ணீர்தான். உள்ளே அருவி, ஓடை, மீன் தொட்டி, செயற்கை மழை எல்லாம் நாற்பது ஐம்பது வருடம் ஓடினால் எங்காவது கசியும். கசிந்த ஈரம் மூங்கில் பின்னால் பூஞ்சையாக உட்காரும், வெளியே தெரியவே தெரியாது. அதற்கு மேல் கான்டன் சமையலின் எண்ணெய்ப் புகை. இரும்புச் சட்டி அடுப்புக்கு வேண்டிய உறிஞ்சு விசை 1960-ல் போட்ட குழாய்க்குள் இருக்காது. தீயணைப்பு விதிகளும் கடுமை. வேய்ந்த ஓலையும் உலர்ந்த மூங்கிலும் நிறைந்த அறையில், மேஜைக்குப் பானமே தீ வைத்து வருகிறது. எலுமிச்சை மூடியில் 151 ப்ரூஃப் என்ற மிகக் காரமான ரம்மை ஊற்றிப் பற்றவைப்பார்கள். ஓலைக்குத் தீத்தடுப்பு மருந்தடிப்பும் மேலே நீர்த்தெளிப்பானும் இல்லாமல் எந்த ஆய்வாளரும் கையெழுத்துப் போட மாட்டார், போடவும் கூடாது.

ஃப்ளோரிடாவின் மாய்-காய் உணவகம் இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. சிகாகோவிலிருந்து வந்த பாப், ஜாக் தார்ன்டன் சகோதரர்கள் 1956 டிசம்பர் 28 அன்று ஃபோர்ட் லாடர்டேல் அருகே திறந்தது. 'டான் த பீச்கோம்பர்' கடையின் சிகாகோ கிளையிலிருந்து மரியானோ லிக்குடீன் என்ற பிலிப்பைன்ஸ் கலவை நிபுணரைக் கையோடு கூட்டி வந்தார்கள். தோட்டம், அருவி, தீவுகளின் பெயர் வைத்த அறைகள், பழைய கப்பல் போல் அமைத்த மொலோகாய் பார், தஹீதியில் பிறந்த மிரேய் தார்ன்டன் அமைத்த நடன நிகழ்ச்சி எல்லாம் சேர்ந்து நாட்டிலேயே முழுமையாக மிஞ்சிய டிக்கி உணவகம் என்று பெயர் வாங்கியது. 2014-ல் தேசியப் பதிவேட்டில் சேர்ந்தது. 2020 அக்டோபரில் பெரு மழையின்போது ஒரு நீர்த்தெளிப்பான் குழாய் வெடித்து, சமையலறைக் கூரை விழுந்தது. சாப்பாட்டு அறைகள் பிழைத்தன. ஆனால் சமையலறை இல்லாமல் உணவகம் ஏது? 2021-ல் புதுப் பங்குதாரர்கள் பணத்தோடு வந்தார்கள், மறுபடி திறந்தது 2024 நவம்பரில். நான்கு வருடம். அவர்கள் செய்ததில் எனக்குப் பிடித்தது, பின்பக்கத்தை முழுக்கப் புதிதாகக் கட்டிவிட்டு, விருந்தாளி உட்காரும் அறைகளைச் சீர் செய்வதோடு நிறுத்திக்கொண்டது. வாசல் பக்கத்தை மாற்றினார்கள். அதைப் பற்றி ரசிகர்களுக்குள் முணுமுணுப்பு உண்டு. என்னைக் கேட்டால் அது ஏற்கத்தக்க விலை.

கண்ணுக்குப் படும் பகுதியில் கை வைக்கும் ஆசை எப்படி வருகிறது என்று சொல்கிறேன். முதலீடு செய்ய வருகிறவர் பெரும்பாலும் காலை பதினொரு மணிக்குத்தான் வருவார். துப்புரவு விளக்குகள் எரியும். அந்த வெளிச்சத்தில் எல்லா டிக்கி உணவகமும் காயலான் கடைதான். தூசி, உரிந்த வர்ணம், பல்லாண்டு சிகரெட் புகை படிந்து பழுப்பேறிய முகமூடி. உடனே "ஜன்னல் வைப்போம், வெளிச்சம் வரட்டும், வெள்ளை அடிப்போம்" என்பார். இந்த அறைகள் ஜன்னல் இல்லாமல் கட்டப்பட்டதே வேண்டுமென்றுதான். உள்ளே எப்போதும் இரவு ஏழு மணி. வலைமிதவைக் கண்ணாடி உருண்டைக்குள்ளும் ஊதிய முள்மீனுக்குள்ளும் எரியும் மங்கலான விளக்குகள்தான் அறையைக் கட்டிப் பிடிக்கின்றன. ஜன்னல் திறந்த அன்றைக்கு நாடகத்தின் நடுவில் அரங்க விளக்கைப் போட்ட கதைதான். இதில் எனக்குத் தெரிந்து ஒரு நல்ல விதிவிலக்கு சான் டியேகோவின் பாலி ஹாய். அது விரிகுடாக் கரையில் இருக்கிறது, வெளியே தெரியும் கடலும் நகரமுமே அதன் அலங்காரம். 2010-ல் பெரிதாகப் புதுப்பித்தும் பழைய சிலைகளை வைத்துக்கொண்டது, நன்றாகவே ஓடுகிறது. கடல் தெரியாத இடத்தில் அதே வேலையைச் செய்தால் கார் நிறுத்துமிடம்தான் தெரியும்.

அந்தப் பழுப்பு நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சுத்தம் செய்கிறேன் என்று மொத்தமாகச் சுரண்டி எடுத்துவிடாதீர்கள். கீழே இருப்பது பல சமயம் கண்ணைப் பறிக்கும் அசல் வர்ணம், அறுபது வருடம் யாரும் பார்க்காத வர்ணம். அதைத் திரும்பக் கொண்டுவருவதா, வாடிக்கையாளருக்குப் பழகிய பழுப்பை விட்டுவிடுவதா என்று எங்கள் தொழிலுக்குள்ளேயே ஒருமித்த கருத்து கிடையாது. ஒரு மூலையில் கையளவு இடத்தில் செய்து பார்த்து, இரவு விளக்கில் பார்த்துவிட்டு முடிவு செய்வது என் வழக்கம்.

பானங்கள் விஷயத்தில் நவீனம், பழமை என்ற பேச்சே தலைகீழாகிவிடும். டானின் சங்கேதச் செய்முறைகள் வெளியே வராமலே மங்கிப்போனபோது, 1970-80-களில் எல்லாக் கடையும் பொடியில் கரைத்த புளிப்பும் சிவப்புச் சர்க்கரைப் பாகும் ஊற்றி 'மாய் டாய்' என்று விற்றது. 1944-ல் பெர்ஜரான் போட்ட மாய் டாய் என்பது வயதேறிய ரம், புது எலுமிச்சைச் சாறு, ஆரஞ்சு மதுபானம், பாதாம் பாகு, கொஞ்சம் சர்க்கரைப் பாகு, அவ்வளவுதான். அன்னாசிச் சாறு கூடக் கிடையாது. 2000-களில் பழைய நோட்டுப் புத்தகங்களைத் தேடிப் பிடித்து, சங்கேதங்களை உடைத்து, அசல் சுவையைக் கண்டுபிடித்தார்கள். டான்ஸ் மிக்ஸ் என்று பாட்டிலில் எழுதியிருந்தது கிரேப்ஃப்ரூட் சாறும் பட்டைப் பாகும் என்பது அப்படித்தான் வெளியே வந்தது. அதற்குப் பிறகு 2006-ல் அலமேடாவில் ஃபார்பிடன் ஐலண்ட், 2009-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஸ்மக்லர்ஸ் கோவ், 2013-ல் சிகாகோவில் த்ரீ டாட்ஸ் அண்ட் எ டாஷ் என்று புதுக் கடைகள் வரிசையாக வந்தன. பழைய கடை ஒன்று "எங்கள் பாட்டன் காலத்துச் சுவை" என்று சொல்லி 1985-ன் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றினால், பக்கத்துத் தெருவில் போன வருடம் திறந்த கடை அதைவிடப் பழமையானதாக இருக்கும். பாரைப் பொறுத்தவரை, பின்னால் போவதுதான் இன்றைய வியாபாரம். செலவு கூடும். சாறு தினமும் பிழிய வேண்டும், ஒரு பானத்துக்கு மூன்று வகை ரம், கலக்கத் தெரிந்த ஆள். ஆனால் அந்தப் பானத்துக்கு வைக்கும் விலையும் கூடும், கோப்பையை நினைவுப் பொருளாக விற்கும் வருமானமும் தனியாக உண்டு. இல்லாவிட்டால் எப்படியும் பைக்குள் போட்டுக்கொண்டு போவார்கள்!

புதுமை எவ்வளவு சீக்கிரம் பழசாகும் என்பதற்கு உணவகமல்லாத ஒரு உதாரணம். டிஸ்னிலேண்டின் டிக்கி ரூம் 1963-ல் திறந்தது. பாடும் இயந்திரப் பறவைகள். முதலில் அதை உணவகமாகத்தான் திட்டமிட்டார்கள். ஃப்ளோரிடா கிளையில் 1998-ல் அதைக் காலத்துக்கேற்ப மாற்றி, அப்போது பிரபலமான கார்ட்டூன் பறவைகளைச் சேர்த்து, கேலியும் கிண்டலுமாக ஆக்கினார்கள். 2011-ல் ஒரு தீ விபத்து. அதே வருடம் மறுபடி திறந்தபோது பழைய நிகழ்ச்சியைச் சற்றுச் சுருக்கிப் பழையபடியே போட்டார்கள். 1963-ன் நிகழ்ச்சி தாங்கியது, 1998-ன் திருத்தம் பதிமூன்று வருடம்தான் தாங்கியது.

இப்போது நான் வெளியாளாக நிற்கும் இடம். இந்த உணவகங்கள் செழித்த அதே வருடங்களில் பசிபிக் தீவுகளில் நடந்தது வேறு. ஹவாய் அரசை 1893-ல் கவிழ்த்த கதை அதற்குள் பழங்கதையாகியிருந்தது. மார்ஷல் தீவுகளில் 1946 முதல் 1958 வரை அமெரிக்கா அணுகுண்டு வெடித்துச் சோதித்தது. பிரெஞ்சுப் பாலினேசியாவில் பிரான்ஸ் 1966-ல் ஆரம்பித்து 1996 வரை வெடித்தது. கொலம்பஸில் ஒருவர் கல்முகக் கோப்பையில் ரம் உறிஞ்சும்போது, அதே கடலின் மார்ஷல் தீவுகளில் மக்கள் சொந்த மண்ணை விட்டு விரட்டப்பட்டுக்கொண்டிருந்தார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு 'சும்மா ஜாலிக்குத்தானே' என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதே சமயம் தீவு மக்களின் குரலும் ஒன்றல்ல. சாமி உருவத்தில் சாராயமா என்று கொதிக்கிறவர்களும் இருக்கிறார்கள், இந்த மேடைகளில் ஆடிப் பாடிக் குடும்பத்தை நடத்தியவர்களும் இருக்கிறார்கள். சில புதுக் கடைகள் டிக்கி என்ற சொல்லையே விட்டுவிட்டு 'வெப்பமண்டல பார்' என்று போர்டு வைக்கின்றன. சிலைகளை எடுத்துவிட்டு அதே பானத்தை விற்பது பிரச்சினையைத் தீர்க்கிறதா, மறைக்கிறதா என்பதை அந்த மக்கள் சொல்ல வேண்டும், நானில்லை. கட்டடக்காரனாக நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: மெனு அட்டையில் அரை நிர்வாணத் தீவுப் பெண்ணையும் எலும்பு மூக்குக் காட்டுவாசியையும் எடுத்துவிட்டால் எந்த வரலாறும் குறையாது. மரச் செதுக்கலை மரியாதையோடு வைத்து, யார் செதுக்கியது, எந்தத் தீவின் பாணி என்று சொன்னால் வரலாறு கூடும். விட்டியர் நகரத்தில் 1956 முதல் 2021 வரை இயங்கிய ஓஷியானிக் ஆர்ட்ஸ் என்ற கூடம் இந்த உணவகங்களுக்கான செதுக்கல்களை ஏராளமாகச் செய்தது. எது கலிஃபோர்னியாவில் செய்தது, எது தீவிலிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்வதே நேர்மையான முதல் படி.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். பதிவேட்டில் ஏறிய, வருமானம் தரும் கட்டடத்தை விதிகளுக்கு உட்பட்டுச் சீரமைத்தால், தகுதியுள்ள செலவில் 20 சதவீதம் மத்திய அரசின் வரிக்கழிவாகத் திரும்பும், ஐந்து வருடமாகப் பிரித்து. இதற்குச் சிறிய பழுது போதாது, கட்டடத்தின் கணக்கு மதிப்பைத் தாண்டிய பெரிய வேலையாக இருக்க வேண்டும். உள்ளலங்காரத்தைப் பிய்த்தெறிந்தால் கழிவு கிடைக்காது. ஆகவே காப்பாற்றுவதற்கும் கணக்குக்கும் இங்கே சண்டை இல்லை, சேர்ந்தே போகின்றன. சான் பிரான்சிஸ்கோ 2015 முதல் கட்டடத்தை விட்டுவிட்டு, 30 வருடத்துக்கு மேல் ஓடும் தொழிலையே பாரம்பரியமாகப் பதிவு செய்து உதவுகிறது. வாடகைக்கு இருக்கும் கடைகளுக்கு இதுதான் பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். மற்ற ஊர்கள் இதை எடுத்துக்கொண்டால் நல்லது.

இன்னும் சந்தேகத்தில் இருப்பது அளவு. இன்று ஜெயிக்கும் டிக்கி கடைகளில் பெரும்பாலானவை சின்னவை. அறுபதுகளில் கட்டிய ஐந்நூறு இருக்கைக் கூடத்தை வாரநாள் இரவில் நிரப்ப முடியுமா? மாய்-காய்க்குச் சுற்றுலாவும் நடன நிகழ்ச்சியும் துணை. உள்நாட்டு ஊர்களில் அந்தத் துணை கிடையாது. அப்படிப்பட்ட உரிமையாளர் என்னிடம் வந்தால், அலங்காரத்தை மாற்றாமல் பாதி அறைகளைத் தடுத்துத் திருமணம், விருந்து என்று வாடகைக்கு விடச் சொல்வேன். வியாபாரம் திரும்பினால் தடுப்பை எடுத்துவிடலாம்; இடித்ததைத் திரும்ப வைக்க முடியாது.

எதுவும் சரிப்படாமல் விற்றுத்தான் ஆக வேண்டும் என்றால் ஏலத்தில் சாமான் சாமானாகப் போக விடாதீர்கள். ஹொனலுலுவின் லா மரியானா செய்லிங் கிளப், மூடப்பட்ட பல டிக்கி உணவகங்களின் தூண்களையும் விளக்குகளையும் மேஜைகளையும் வாங்கிச் சேர்த்து வைத்திருக்கிறது. அங்கே போனால் காணாமல் போன கடைகளின் துண்டுகள் ஒரே கூரையின் கீழ் இன்னும் வேலை பார்க்கின்றன. அது மாதிரி மொத்தமாக எடுக்கும் ஒரு ஆளைத் தேட வேண்டும். விலை கொஞ்சம் குறையும். அதற்கு முன்னால் அளவெடுத்து வரைபடம் போடுங்கள், விளக்குகளைப் போட்டும் அணைத்தும் படம் எடுங்கள், வயதான பார்காரரையும் சமையல்காரரையும் உட்கார வைத்துப் பேச விட்டுப் பதிவு செய்யுங்கள். மற்ற வேலைகளுக்குப் பிறகும் ஆள் கிடைப்பார்கள். இந்தக் கடைசி வேலையை மட்டும் மூடும் அறிவிப்புக்கு முன்னால் முடித்துவிடுங்கள், அறிவிப்பு வந்த மறுநாளே அவர்கள் வேறு வேலை தேடிப் போய்விடுவார்கள்.